ஓ.டி.யில் ஓடும் வீடு

எங்கள் வீட்டின் பஞ்சாங்கம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. எம், ஈ, என் என்று மூன்றே எழுத்துதான் அதில் திரும்பத் திரும்ப வரும். எம் என்றால் காலை ஏழிலிருந்து பகல் ஒன்று வரை. ஈ என்றால் ஒன்றிலிருந்து இரவு ஏழு. என் என்றால் இரவு ஏழுக்குப் போய், மறுநாள் காலை ஏழுக்குத்தான் பாரம் கொடுத்துவிட்டு வெளியே வரலாம். சில நாட்களில் எம்முக்குப் பக்கத்திலேயே சிவப்புப் பேனையால் ஓர் ஈ எழுதி வட்டம் போட்டிருக்கும். அது ஓ.டி., அதாவது மேலதிக நேர வேலை. கல்யாணத்துக்குச் சொல்ல வருபவர்கள் திகதியை வாயில் எடுத்ததுமே நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பது அந்தக் கதவைத்தான்.

என் மனைவி தாதி. கண்டிப் பக்கத்தில் ஓர் அரச வைத்தியசாலை. எது, எந்த வார்ட் என்று கேட்காதீர்கள். அரச ஊழியர் வாயைத் திறந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வருகிற நாடு இது. இந்தப் பதிவையும் அவள் வாசித்து, வெட்டச் சொன்னதையெல்லாம் வெட்டிய பிறகு மிஞ்சியதைத்தான் போடுகிறேன்.

சுகாதாரப் பணியாளர்களின் களைப்பைப் பற்றி வருகிற கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன. ஓய்வெடுங்கள், தியானம் செய்யுங்கள், நடக்கப் போங்கள், மனம்விட்டுப் பேசுங்கள். எழுதியவருக்கு ஒரு தாதியின் சம்பளச் சீட்டைப் பார்க்கக் கிடைத்திருக்காது. பார்த்திருந்தால் ஒரு விசயம் விளங்கியிருக்கும். அவளை உருக்குவதும் ஓ.டி.தான், எங்கள் வீட்டைத் தாங்குவதும் ஓ.டி.தான். எங்களுக்கு ஓய்வு என்றால் சம்பள வெட்டு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதற்கு விளக்கம்.

இந்தக் களைப்பைப் பற்றி மருத்துவ உலகம் பேசத் தொடங்கி ஐம்பது வருசம் ஆகிறது. 1974இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் அதை எழுதினார். அவர் அதைக் கண்ட இடம் நியூயோர்க்கில் ஏழைகளுக்கான ஓர் இலவசக் கிளினிக். பகலில் சொந்த வேலை, இரவில் அங்கே தொண்டு என்று ஓடியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போவதைப் பார்த்தார். தானும் அப்படி வற்றினார். பிறகு கிறிஸ்டினா மஸ்லாக் அதை அளக்க ஒரு கேள்விக்கொத்தை 1981இல் வெளியிட்டார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் பதினோராவது நோய்ப் பட்டியலில் அதைச் சேர்த்தபோது, இது நோயல்ல, தொழிலிலிருந்து வருகிற நிலை என்று தெளிவாகவே எழுதியது. அதாவது, கோளாறு ஆளில் இல்லை, வேலை நடக்கிற விதத்தில்தான் இருக்கிறது. மூன்று அடையாளம் சொல்கிறார்கள்: சக்தி வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, செய்வதில் பயனில்லை என்ற எண்ணம்.

முதலாவது எல்லாருக்கும் தெரியும். நைட் முடிந்து வந்தவள் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போவது எங்கள் வீட்டில் ஒரு செய்தியே இல்லை. இரண்டாவதை நான் கண்டுபிடித்தது அவள் பேசும் விதத்தில். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வீட்டுக்கு வந்தால் கதை கதையாகச் சொல்லுவாள். கலஹாவிலிருந்து வந்த அம்மாவுக்குக் கால் சீனிவருத்தத்தில் போய்விட்டது, பேத்தி ஓ.எல். பரீட்சை எழுதப் போகிறாளாம், அந்த அம்மா பக்கத்துக் கட்டில்காரிக்குப் பணிஸில் பாதியைக் கொடுத்தாளாம். இப்போது "பதினாலு போயிட்டுது, இருபத்திரண்டு ஐ.சி.யூ.வுக்கு மாத்தினது" என்கிறாள். ஆட்கள் எல்லாம் கட்டில் நம்பராகிவிட்டார்கள். கல்நெஞ்சம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அத்தனை பேரையும் பேரோடும் ஊரோடும் மனதில் வைத்துக்கொண்டு மறுநாள் அதே வாசலில் நுழைய முடியாது என்பதால் வந்த ஏற்பாடு அது. மூன்றாவது 2022இல் வந்தது.

பொருளாதார நெருக்கடி வந்த அந்த வருசத்தைப் பற்றி நம் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. கேஸ் வரிசை, பெற்றோல் வரிசை, பால்மா வரிசை. ஆனால் ஆஸ்பத்திரிக்குள்ளே இருந்த வரிசை வேறு. மார்ச் மாதக் கடைசியில் பேராதனைப் போதனா வைத்தியசாலை, மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைத்தது. அவசரமானவை மட்டும் நடந்தன. கொழும்புக்கு வந்திருந்த இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அந்தச் செய்தியைப் பார்த்துக் கவலை தெரிவித்து, எப்படி உதவலாம் என்று பேசும்படி தங்கள் உயர் ஸ்தானிகரிடம் சொன்னதாக டுவிட்டரில் எழுதினார். பேராதனை அன்று உலகச் செய்தியானது. ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. ஜூன் 27இலிருந்து அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள். சுகாதாரப் பணியாளர்கள் அத்தியாவசியம்தான். ஆனால் அத்தியாவசியமானவர்களும் வரிசையில் நிற்கத்தான் வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் அவள் செய்த வேலையில் கணிசமான பகுதி துண்டு எழுதிக் கொடுப்பது. "இது இங்க இல்ல, வெளியில வாங்கிட்டு வாங்க." வாங்கிக்கொண்டு வர முடியாது என்று கொடுப்பவளுக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். தோட்டத்தில் நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிப்பவர் அந்தத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரிங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போவார். மருந்துக் கடைப் பக்கமே போகாமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். டியூட்டி முடிந்து போகும்போது அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். தூங்கினால் களைப்புப் போகும். அந்தப் பெஞ்சைத் தாண்டி நடக்கிற வெட்கம் தூங்கினால் போகாது. "நான் அங்க என்னதான் செய்றேன்?" என்று அவள் கேட்கத் தொடங்கியது அப்போதுதான்.

மருந்து திரும்பி வந்த பிறகு சந்தேகம் வந்தது. 2023 ஜூலையில் பேராதனையில் ஊசி ஏற்றப்பட்ட பிறகு ஓர் இளம்பெண் உயிரிழந்த செய்தி நாட்டையே உலுக்கியது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் அன்று நம் கண்டி மாவட்டத்து எம்.பி.யாக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல. வேறொரு விவகாரத்தில், தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்துக் கொள்வனவு தொடர்பில், அவர் 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைது செய்யப்பட்டார். அது நீதிமன்றத்தின் பாடு. வார்டில் நடந்தது என்னவென்றால், கொள்வனவுக் குழுவிடம் கேட்க வேண்டிய கேள்வி எல்லாம் ஊசியைக் கையில் வைத்திருந்த பெண்ணிடம் வந்தது. "இது நல்ல மருந்துதானா மிஸ்?" அவள் என்ன சொல்லுவாள்? குப்பியின் லேபிளைத் திருப்பிக் காட்டுவாள். அவளுக்கும் அந்த லேபிள்தான் தெரியும்.

இனி கணக்குக்கு வருவோம்.

நெருக்கடி வந்ததும் சாமான் விலை எங்கே போனது என்று தெரியும்; 2022 செப்டெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். சம்பளம் நின்ற இடத்திலேயே நின்றது. 2023 ஜனவரியில் மாதம் ஒரு லட்சம் ரூபாவுக்கு மேல் உழைப்பவர்களுக்கு 6 வீதத்தில் தொடங்கி 36 வீதம் வரை ஏறுகிற வருமான வரி வந்தது. இதற்கிடையில் அரசாங்கமே ஒரு கதவைத் திறந்துவிட்டது. 2022 நடுப்பகுதியில் வந்த சுற்றறிக்கைப்படி அரச ஊழியர்கள் ஐந்து வருசம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போய் உழைக்கலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காது. டொலர் வேண்டியிருந்த நாட்டுக்கு அது நியாயமான யோசனைதான். ஆனால் வெளிநாட்டுக்கு யார் வேண்டும்? கச்சேரி கிளார்க்கை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டது தாதியையும் டொக்டரையும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட டொக்டர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். விசேட நிபுணராவதற்குக் கட்டாயம் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்ற நம் விதிப்படி அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பி வரவில்லை. கண்டி டவுனில் ஐ.இ.எல்.டி.எஸ்., ஓ.இ.டி. வகுப்பு போர்டுகளுக்குக் குறைவே இல்லை. ஓ.இ.டி. என்பது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சை. நோயாளியை இன்னொருவரிடம் அனுப்பும் கடிதம் எழுதுவதும் அதில் ஒரு பகுதி. என் மனைவியின் செட்டில் படித்தவர்களின் வட்ஸ்அப் குழுவில் இப்போது காலை வணக்கம் மூன்று நேர வலயத்திலிருந்து வருகிறது.

போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருத்தி போனால் அவளுடைய எம், ஈ, என் எல்லாம் கூடவே போவதில்லை. அவை ரோஸ்டரில் அப்படியே இருக்கும். இருப்பவர்கள் பகிர்ந்து எடுக்க வேண்டும். அதுதான் ஓ.டி. ஆகிறது. அந்த ஓ.டி. காசில்தான் எங்கள் மகளின் ஸ்கூல் வான் ஓடுகிறது, வீட்டுக் கடனின் தவணை போகிறது, என் அம்மாவின் பிரஷர் மருந்து வருகிறது. நான் சும்மா இருக்கும் ஆளில்லை. தனியார் கம்பனி ஒன்றில் கணக்கெழுதுகிறேன். அப்படியும் ஒரு மாதம் அவள் ஓ.டி. செய்யாவிட்டால் எங்கள் கணக்கு இடிக்கும். ஆள் போதாத வைத்தியசாலைக்கு ஓ.டி. வேண்டும், சம்பளம் போதாத ஊழியருக்கும் ஓ.டி. வேண்டும். இரண்டு பக்கமும் விரும்பிக் கேட்கிற ஒன்றை யார் நிறுத்துவது? அதனால்தான் இது இவ்வளவு காலம் ஓடுகிறது.

இந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் கடந்த சில வருசப் போராட்டங்கள் வேறு மாதிரித் தெரியும். 2024 ஜனவரியில் டொக்டர்களுக்கான டி.ஏ.டி. என்ற கொடுப்பனவு 35,000இலிருந்து 70,000 ரூபாவானது. எங்களுக்கும் கொடு என்று 72 தொழிற்சங்கங்கள் சேர்ந்து பணிப்புறக்கணிப்பில் இறங்கின. வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தினர் அனுப்பப்பட்டனர். 2025 வரவுசெலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250இலிருந்து 40,000 ரூபாவுக்குக் கட்டம் கட்டமாக உயர்த்தியது. நல்லது. அதோடு விடுமுறை நாளில் வேலை செய்தால் கிடைப்பது அடிப்படைச் சம்பளத்தில் இருபதில் ஒரு பங்காக இருந்தது முப்பதில் ஒரு பங்கானது, ஓ.டி. மணித்தியாலத்தைக் கணக்கிடும் விகிதமும் குறைந்தது. மார்ச் மாதம் தாதியர் வீதிக்கு இறங்கினார்கள். "சம்பளத்தைக் கூட்டியும் கத்துறாங்களே" என்று பஸ்ஸில் ஒருவர் சொன்னார். அவர் பிழையாகச் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது கூட்டிய தொகை மட்டும்.

என் மனைவி அன்று சொன்னது வேறு. "அடிப்படைய இன்னும் நல்லாக் கூட்டிட்டு, ஓ.டி.ய அடியோட எடுத்தாக் கூட எனக்குச் சந்தோசம். நான் ஒரு மனுசியா ஒரு டியூட்டி செஞ்சிட்டு வீட்டுக்கு வருவேன்." ஆனால் அந்தக் கோரிக்கையை எந்தப் பதாகையிலும் நான் காணவில்லை. ஓ.டி.யை எடுத்தால் அந்த டியூட்டியைச் செய்ய ஆள் வேண்டும். ஆள் எடுக்கக் காசு வேண்டும். விகிதத்தைக் கூட்டு, குறை என்று சண்டை பிடிப்பதுதான் இரண்டு பக்கத்துக்கும் லேசு.

டொக்டர்களின் கதை வேறு தினுசு. இன்டர்ன்ஷிப் செய்கிற பிள்ளைகள் இரவு முழுக்க நின்றுவிட்டு மறுநாள் வார்ட் ரவுண்டிலும் நிற்பார்கள். அதைத் தாங்குவதே தகுதி என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. பெரிய டொக்டர்மாருக்கு மாலையானால் சனலிங். ஒரே மனிதர் காலையில் அரச வார்டிலும் இரவு பத்து மணிக்குத் தனியார் அறையிலும் இருப்பார். அங்கேயும் அடிப்படைச் சம்பளம் போதாது என்ற அதே கணக்குத்தான், தொகைதான் வேறு.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு சுமை. இதை வெளியூர்க்காரர் எழுத மாட்டார்கள்.

கண்டி தேசிய வைத்தியசாலை நாட்டின் இரண்டாவது பெரிய வைத்தியசாலை. மத்திய மாகாணம் முழுவதிலும் இருந்து, ஊவாவிலிருந்தும் சப்ரகமுவவிலிருந்தும்கூட நோயாளிகளை இந்தப் பக்கம் அனுப்புவார்கள். ஹந்தான, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவை, ரங்கல என்று சுற்றியிருக்கும் தோட்டங்களிலிருந்து வருபவர்கள் பேசுவது தமிழ். வார்டில் பேசுவது சிங்களம். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழிதான். பெயர்ப்பலகையில் அது ஒழுங்காக இருக்கிறது. கட்டில் அருகில் மொழிபெயர்க்க நியமிக்கப்பட்ட ஒருவர் என் மனைவி வேலை செய்யும் இடத்தில் இல்லை. அந்த வேலை யாருக்குப் போகும்? தமிழ் தெரிந்த தாதிக்கு.

நைட் முடிந்து பாரம் கொடுத்துவிட்டு ஏழேகால் மணிக்கு வெளியே வருகிறாள் என்று வையுங்கள். பக்கத்து வார்டிலிருந்து கூப்பிடுவார்கள். ஒரு வயசான அம்மாவுக்கு இன்சுலின் தொடங்க வேண்டும். டொக்டர் நல்ல பிள்ளை, பொறுமையாகத்தான் விளக்குகிறார், ஆனால் சிங்களத்தில். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். இவள் போய் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும், வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை, லயத்தில் ஊசி போடத் தெரிந்தவர் யாரும் இல்லை, பேரன் வேலைக்குக் கொழும்புக்குப் போய்விட்டான். "புள்ள, இந்த ஊசிய எங்கடி வைக்கிறது?" என்று கேட்கிறார். மண்பானைத் தண்ணீரில் வைக்கிற விதம், தொடையில் இடம் மாற்றி மாற்றிப் போடுகிற விதம், சாப்பிடாமல் போடக்கூடாது என்பது, மயக்கம் வந்தால் சீனித் தண்ணீர் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு வர எட்டு மணி தாண்டிவிடும். இது எந்த ரோஸ்டரிலும் இல்லை. இதற்கு ஓ.டி.யும் இல்லை. ஆனால் அவளுக்கு அந்த வேலையில் இன்னும் பிடிப்பு இருப்பதே இந்த மாதிரி நேரங்களால்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அப்படியான நாளில் மட்டும் வீட்டுக்கு வந்து கட்டில் நம்பர் சொல்வதில்லை. அந்த அம்மாவின் பெயரைச் சொல்லுவாள்.

பிறகு 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் இறந்த அந்த அனர்த்தத்தில் கண்டி மாவட்டம்தான் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது. மலை சரிந்தது, மகாவலி ஏறியது, பாதைகள் அறுந்தன, போன் வேலை செய்யவில்லை. டியூட்டியில் இருந்தவர்களால் வீட்டுக்குப் போக முடியவில்லை, மாற்ற வேண்டியவர்களால் வர முடியவில்லை. உள்ளே இருந்தவர்களே தொடர்ந்து நின்றார்கள். தங்கள் வீடு இருக்கிறதா என்று தெரியாமல் அடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்குச் சேலைன் ஏற்றினார்கள். பிறகு எல்லாரும் பாராட்டினார்கள். பாராட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தெய்வம் என்று கும்பிட்ட ஆளிடம் களைக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள், அதுதான் சிக்கல். ஏற்கெனவே மாதக் கணக்காகக் கடனில் ஓடுகிற உடம்பு, பேரிடர் வரும்போது எதிலிருந்து எடுத்துக் கொடுக்கும்?

அவளுடைய இடத்தில் ஒரு தடவை மன அழுத்தத்தைக் குறைப்பது பற்றிச் செயலமர்வு வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். வைத்த நாள் அவளுடைய ஓஃப். மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடக் கற்றுக்கொண்டு, ஒரு ரோல்ஸைச் சாப்பிட்டு, பிளேன்டீயும் குடித்து, கையெழுத்து வைத்துவிட்டு வந்து, அன்றிரவு ஓ.டி.யில் என்.

அப்படியென்றால் என்னதான் செய்வது? கணக்கெழுதுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு வார்டின் ஓ.டி. மணித்தியாலம், அந்த வார்டில் எத்தனை ஆள் குறைவு என்பதன் நேரடி அளவு. அந்தக் கணக்கு ஒவ்வொரு மாதமும் சம்பளப் பிரிவில் ஏற்கெனவே இருக்கிறது. அதை வைத்தியசாலை வாரியாக, வார்ட் வாரியாகப் பகிரங்கமாகப் போடுங்கள். எங்கே ஆள் எடுக்க வேண்டும் என்று ஆணைக்குழு வைத்துத் தேடத் தேவையில்லை. அடிப்படைச் சம்பளத்தை ஓ.டி. இல்லாமல் ஒரு குடும்பம் நிற்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன் பிறகு ஓ.டி.க்கு உச்ச வரம்பு வையுங்கள். வரிசை முக்கியம், முதலில் வரம்பு வைத்தால் எங்களைப் போன்ற வீடுகள்தான் முதலில் எதிர்க்கும். தோட்டப்புற நோயாளிகள் வருகிற வைத்தியசாலைகளில் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பு உத்தியோகத்தர் பதவியைச் சம்பளத்தோடு உருவாக்குங்கள். தோட்டங்களில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். நைட்டுக்கு மறுநாள் கூட்டம், பயிற்சி, செயலமர்வு எதுவும் கிடையாது என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள், அதற்கு ஐந்து சதம் செலவில்லை. மனம் உடைந்து நிற்பவர்களுக்கு தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இருக்கிறது, கூப்பிடுவதில் வெட்கமில்லை. ஆனால் அது விழுந்தவரைத் தூக்குவதற்கு. தள்ளிவிடுவதை நிறுத்துவது வேறு வேலை.

இந்த நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இறக்கும் தாய்மார் முப்பது பேர் அளவில்தான். நம் வருமானத்தில் இருக்கும் நாடுகள் பொறாமைப்படுகிற கணக்கு அது. மேடையில் அதைச் சொல்லாத சுகாதார அமைச்சர் இல்லை. அதை ஈட்டியவர்கள் கிராமம் கிராமமாக நடந்த குடும்பநல உத்தியோகத்தர்களும் இரவிரவாக நின்ற தாதியரும். அந்த இலக்கத்தை வெளியில் காட்டுகிறவர்கள், ஓ.டி. மணித்தியால இலக்கத்தையும் அதே மேடையில் சொல்லட்டும்.

வாசிக்கிற நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் ஊர் எம்.பி. ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் திறக்க ரிப்பன் வெட்ட வந்தால், அந்தக் கட்டடத்துக்கு எத்தனை தாதியர் நியமனம் வந்திருக்கிறது என்று எழும்பிக் கேளுங்கள். பழைய வார்டிலிருந்தே ஆளைப் பிரித்து அனுப்புவதாகப் பதில் வந்தால், அந்தப் புதுக் கட்டடமும் யாரோ ஒருத்தியின் ஓ.டி.யில்தான் ஓடப் போகிறது என்று அர்த்தம்.